விரியாத குடை: வியாழனுக்குப் போன கலிலியோவின் கதை

சித்திரை வருடப்பிறப்பு என்றதும் எங்கட வீடுகளில் முதலில் தேடப்படுவது பஞ்சாங்கம். மருத்துநீர் வைக்கும் நேரம், கைவிசேடம் கொடுக்கும் நேரம் எல்லாம் பார்த்து முடிந்த கையோடு, பெரியவர்கள் அடுத்துப் பார்ப்பது வியாழமாற்றம் எப்போது என்பதைத்தான். "வியாழன் நல்ல இடத்துக்கு வாறார், இனிப் பயமில்லை" என்று அவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். வியாழன் ஒரு இராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும். பன்னிரண்டு இராசியையும் சுற்றிவர அதற்கு எடுக்கும் காலம் 11.86 வருடம். ஐந்து சுற்று என்றால் கிட்டத்தட்ட 60 வருடம். பிரபவ முதல் அட்சய வரை நாங்கள் எண்ணுகிற அறுபது வருடக் கணக்குக்கு அடிப்படையும் இந்த வியாழச் சுற்றுத்தான்.

பஞ்சாங்கத்து வியாழன் பலன் தருமா தராதா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. அந்த வியாழனைத் தேடி மனிதன் அனுப்பிய ஆளில்லாத விண்கலங்களைப் பற்றி, அவற்றுள்ளும் சிறப்பாக ஒன்றைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் கலிலியோ. புறப்பட முன்னரே அதற்குப் பல தடைகள் வந்தன. புறப்பட்ட பின்னரோ, பூமியோடு பேச வைத்திருந்த பெரிய அன்ரனா வேலை செய்யாமல் போச்சு. அப்படியிருந்தும் போன காரியத்தை அது எவ்வாறு முடித்தது என்பது எங்கட பிள்ளைகள் அறியவேண்டிய வரலாறு.

முன்னே போனவர்கள்

வியாழன் சூரிய குடும்பத்தின் மிகப் பெரிய கோள். குறுக்களவில் பூமியைப் போல் 11 மடங்கு. மற்றக் கோள்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதன் நிறைக்கு ஈடாகாது. சூரியனிலிருந்து சராசரியாக 77 கோடி 80 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. காலை ஊன்ற நிலம் கிடையாது. ஐதரசனும் ஈலியமும் நிறைந்த பெரும் வாயுக் கோளம் அது.

1610ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி இரவு, இத்தாலியின் பாதுவா நகரில் கலிலியோ கலிலி என்ற அறிஞர் தான் செய்த தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். அருகில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. ஒரு வாரத்துக்குள் நான்காவதும் தெரிந்தது. இவை நட்சத்திரங்கள் அல்ல, வியாழனைச் சுற்றுகிற சந்திரன்கள் என்று கண்டுகொண்டார். வானத்தில் உள்ள எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி அது. அந்த நான்கு சந்திரன்களையும் இன்று அயோ, யுரோப்பா, கனிமீட், கலிஸ்ரோ என்று அழைக்கிறோம். இப்போது வியாழனுக்கு 90க்கு மேற்பட்ட சந்திரன்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

வியாழனுக்குக் கிட்டப் போன முதல் விண்கலம் அமெரிக்காவின் பயனியர் 10. 1972 மார்ச்சில் புறப்பட்டு 1973 டிசம்பரில் வியாழனைக் கடந்தது. அங்கேயுள்ள கதிர்வீச்சு எவ்வளவு கடுமையானது என்பதை முதலில் உணர்த்தியது அதுதான். அடுத்த வருடம் பயனியர் 11 போனது. 1979 மார்ச்சில் வொயேஜர் 1, அதே ஆண்டு யூலையில் வொயேஜர் 2 போயின. வொயேஜர் 1 அனுப்பிய ஒரு படத்தைப் பாதைக் கணிப்புக்காகப் பார்த்துக்கொண்டிருந்த லிண்டா மொறபிற்றோ என்ற பெண் பொறியியலாளர், அயோவின் ஓரத்தில் குடை போல ஏதோ எழும்பி நிற்பதைக் கண்டார். அது எரிமலைப் புகை! பூமிக்கு வெளியே ஓர் எரிமலை பொங்குவதை மனிதன் கண்டது அதுவே முதல் தடவை.

ஆனால் இந்த நான்கு விண்கலங்களும் வீட்டு வாசலால் பஸ்ஸில் போகிறவர் எட்டிப் பார்த்த மாதிரித்தான். கிட்ட நின்று பார்க்கச் சில நாட்களே கிடைத்தன. அங்கேயே தங்கி, வருடக்கணக்காகச் சுற்றிப் பார்க்க ஒரு விண்கலம் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானதே கலிலியோ.

காத்திருந்த காலம்

கலிலியோத் திட்டத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 1977இல் அனுமதி கொடுத்தது. 1982இல் ஏவுவதாகத்தான் ஏற்பாடு. அதை விண்வெளிக்குக் கொண்டுபோக வேண்டிய விண்ணோடங்கள் தாமதமாகின. அங்கிருந்து வியாழனை நோக்கித் தள்ளிவிடும் றொக்கட் எது என்பதும் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டது. கடைசியில் 1986 மே மாதம் என்று நாள் குறித்தார்கள். கலிபோர்னியாவின் பசடீனாவில் கட்டப்பட்ட விண்கலம் லொறியில் ஏற்றப்பட்டு, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, புளோரிடாவுக்குக் கொண்டுபோகப்பட்டது.

1986 ஜனவரி 28. சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 செக்கனில் வானில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தனர். அவர்களில் ஒருவர் பாடசாலை ஆசிரியை. அந்தத் துயரத்தின் பின் விண்ணோடங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. கலிலியோவுக்கென்று வைத்திருந்த சென்ரோர் றொக்கட் திரவ ஐதரசனில் ஓடுவது. மனிதர் பயணிக்கும் விண்ணோடத்துக்குள் அதை வைப்பது ஆபத்து என்று கைவிட்டார்கள். கலிலியோ மீண்டும் லொறியில் ஏறிப் பசடீனாவுக்குத் திரும்பியது. அங்கே கிடந்து, 1989இல் திரும்பவும் லொறியில் புளோரிடா போனது. இந்த லொறிப் பயணங்களை ஞாபகத்தில் வைத்திருங்கள்; பின்னர் அவற்றைப் பற்றிப் பேசவேண்டி வரும்.

சென்ரோர் இருந்திருந்தால் இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் நேரே வியாழனுக்குப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கிடைத்த றொக்கட்டோ பலம் குறைந்தது. நேர்வழி அடைபட்டபடியால் சுற்றுவழி தேடினார்கள். ஒரு கோளின் அருகால் சரியான கோணத்தில் போனால், அந்தக் கோளின் ஈர்ப்பு தன்னுடைய ஓட்டத்தில் ஒரு சிறு பங்கை விண்கலத்துக்குக் கொடுத்து வீசிவிடும். எரிபொருள் செலவில்லாமல் வேகம் கூடும். இப்படி வெள்ளியிடம் ஒருமுறை, பூமியிடம் இருமுறை வேகம் வாங்கிக்கொண்டு வியாழனுக்குப் போவதென்று தீர்மானித்தார்கள். வெளியே போகவேண்டியது முதலில் உள்ளே, சூரியன் பக்கம் போனது. அதனால் ஆறு வருடப் பயணமாகிவிட்டது.

1989 ஒக்டோபர் 18இல் அற்லாண்டிஸ் விண்ணோடம் கலிலியோவைச் சுமந்துகொண்டு புறப்பட்டது. 1990 பெப்ரவரி 10இல் வெள்ளியைக் கடந்தது. அதே வருடம் டிசம்பர் 8இல் பூமியின் அருகால் திரும்பியபோது, சுவையான ஒரு சோதனை செய்தார்கள். கார்ல் சாகன் என்ற வானியலறிஞரும் அவரது குழுவினரும் கலிலியோவின் கருவிகளால் பூமியைப் பார்த்து, "இங்கே உயிர் இருக்கிறதா?" என்று ஒன்றும் தெரியாதவர்கள் போல ஆராய்ந்தார்கள். வளிமண்டலத்தில் ஏராளமான ஒட்சிசன், அதோடு மீதேன், செடிகளின் பச்சையத்துக்குரிய அடையாளம், வானொலி அலைகள் என எல்லாம் அகப்பட்டன. தூரத்திலிருந்து உயிரைத் தேடுவது எப்படி என்பதற்கு எங்கட பூமியே பாடமாக அமைந்தது.

குடை விரியவில்லை

கலிலியோ பூமியோடு பேசுவதற்கு 4.8 மீற்றர் அகலமான பெரிய அன்ரனா ஒன்று இருந்தது. சரியாகக் குடை மாதிரியே 18 கம்பிகளும், அவற்றின் மேல் பொன்முலாம் பூசிய மெல்லிய கம்பிவலையும். வெள்ளியின் பக்கம் போகும்போது சூரிய வெப்பத்தில் பழுதாகிவிடும் என்று அதைச் சுருக்கி மறைத்தே வைத்திருந்தார்கள். சூரியனை விட்டு விலகிய பின், 1991 ஏப்ரல் 11ஆம் திகதி, வருடப்பிறப்புக்கு மூன்று நாள் இருக்க, விரியும்படி கட்டளை அனுப்பினார்கள்.

குடை விரியவில்லை. மோட்டார் சுழன்று இடையில் நின்றது. சில கம்பிகள் நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டுவிட, ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் விரியாமலும் கோணிப்போய் நின்றது. ஆராய்ந்து பார்த்தபோது, அந்த லொறிப் பயணங்களின் குலுக்கலில் கம்பிகளின் பிடிகளில் பூசியிருந்த மசகு தேய்ந்துபோயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். வருடக்கணக்கில் சுருக்கியபடியே வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது. சலஞ்சர் விபத்தின் நிழல் ஐந்து வருடம் கழித்துக் கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலும் வந்து விழுந்தது.

இதனால் என்ன நட்டம்? கணக்கைப் பாருங்கள். கலிலியோ கமெராவின் ஒரு படம் 800க்கு 800 புள்ளிகள். அதை அனுப்ப 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பிட் தகவல் வேண்டும். பெரிய அன்ரனா செக்கனுக்கு 134,000 பிட் அனுப்பக்கூடியது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு படம் வந்துவிடும். மிஞ்சியிருந்ததோ ஒரு சிறிய அன்ரனா. வியாழன் தூரத்திலிருந்து அதனால் செக்கனுக்குப் பத்துப் பிட் அளவில்தான் அனுப்ப முடியும். அதே படம் வந்துசேர ஏறக்குறைய ஆறு நாள்!

சும்மா விட்டார்களா? விண்கலத்தைச் சூரியன் பக்கம் திருப்பிச் சூடாக்கினார்கள். பின் மறுபக்கம் திருப்பிக் குளிரவிட்டார்கள். பாகங்கள் விரிந்து சுருங்கும்போது கம்பி கழன்றுவிடும் என்ற நம்பிக்கை. மோட்டாரை விட்டுவிட்டு இயக்கி, சுத்தியலால் தட்டுவது போல 13,000 தடவைக்கு மேல் தட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. 1993இல் அந்த முயற்சியைக் கைவிட்டு, இருக்கிற சின்ன அன்ரனாவோடு என்ன செய்யலாம் என்று இருந்து யோசித்தார்கள்.

இருப்பதைக் கொண்டு

என் எண்ணத்தில் இந்த வரலாற்றின் சிறந்த பகுதி இதுதான். பூமியிலிருந்து ஒரு திருகாணியைக்கூட அனுப்ப முடியாது. அனுப்பக்கூடியது கட்டளைகள் மட்டுமே. ஆகவே விண்கலத்தின் கம்பியூட்டர்களுக்குப் புதிய செய்நிரல்களை எழுதி, வானொலி அலையில் அனுப்பினார்கள். படத்தில் தேவையில்லாத பகுதியை விட்டுத் தேவையானதை மாத்திரம் சுருக்கி அனுப்ப அதற்குக் கற்றுக் கொடுத்தார்கள். கலிலியோவில் ஒரு ரேப் றெக்கோடர் இருந்தது. சந்திரன்களின் அருகால் போகும் சில மணித்தியாலங்களில் கண்டதையெல்லாம் அதில் பதிந்து வைத்து, பிறகு வாரக்கணக்காக ஆறுதலாக அனுப்புவதென்று ஒழுங்கு செய்தார்கள்.

இந்தப் பக்கத்தில், பூமியில், காதுகளைக் கூர்மையாக்கினார்கள். கலிபோர்னியா, ஸ்பெயின், அவுஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த பெரிய அன்ரனாக்களின் திறனைக் கூட்டினார்கள். அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியையும் சேர்த்து, பல அன்ரனாக்கள் ஒரே குரலை ஒன்றாகக் கேட்கச் செய்தார்கள். இவற்றின் பயனாகச் செக்கனுக்கு 160 பிட் வரை பெறமுடிந்தது. சுருக்கும் முறையும் சேர, திட்டமிட்ட ஆய்வில் 70 சதவீதம் வரை செய்ய வழி பிறந்தது. எதைக் கேட்பது, எதை விடுவது என்று விஞ்ஞானிகள் ஒவ்வொரு படத்துக்கும் இருந்து பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் காத்திருந்து, வந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்த எங்கட சனங்களுக்கு அந்தப் படங்களின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

போகும் வழியிலும் கலிலியோ சும்மா போகவில்லை. 1991 ஒக்டோபரில் காஸ்பிரா என்ற சிறுகோளைக் கிட்டப் போய்ப் பார்த்தது. ஒரு சிறுகோளை விண்கலம் ஒன்று கிட்ட நின்று பார்த்தது அதுவே முதல். 1993 ஓகஸ்டில் ஐடா என்ற சிறுகோளைப் பார்த்தபோது, அதைச் சுற்றி ஒரு குட்டிச் சந்திரன் இருப்பது தெரியவந்தது. 1994 யூலையில் சூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளியின் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனில் மோதின. மோதிய பக்கம் பூமிக்கு மறுபக்கம். அந்த இடத்தை நேரே பார்க்கக்கூடியதாக 24 கோடி கிலோமீற்றர் தூரத்தில் நின்றது கலிலியோ.

வந்து சேர்ந்தது

1995 ஒக்டோபர் 11. வியாழனை அடைய இரண்டு மாதம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து ரேப் றெக்கோடர் மக்கர் பண்ணியது. பின்னுக்குச் சுற்றச் சொன்ன நாடா நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. 15 மணித்தியாலமாக றெக்கோடர் ஓடிக்கொண்டே இருந்தது. இருந்த ஒரே வழியும் போச்சோ என்று எல்லோரும் பதறினார்கள். நல்லகாலம், நாடா அறவில்லை. பழுதுபட்டிருக்கக்கூடிய பகுதியின் மேல் 25 சுற்று அதிகமாகச் சுற்றி, அந்தப் பகுதியை இனிமேல் தொடுவதில்லை என்று விட்டார்கள். வந்துசேரும் நாளில் அயோவைக் கிட்டப் படமெடுக்கும் ஏற்பாட்டையும் மனமில்லாமல் கைவிட்டார்கள். அந்த நாடா அதைவிட முக்கியமான ஒன்றுக்குத் தேவைப்பட்டது.

கலிலியோ தன்னோடு 339 கிலோ நிறையுள்ள ஒரு சிறு கலத்தையும் கொண்டுபோயிருந்தது. யூலை 13இல் அதைப் பிரித்துவிட்டது. அந்தக் கலம் ஐந்து மாதம் தனியே பயணம் செய்து, 1995 டிசம்பர் 7இல் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் வியாழனின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்தது. வெப்பக் கவசத்தின் பாதி எரிந்து தீர்ந்தது. பின் பரசூட்டில் தொங்கியபடி 58 நிமிடம் தகவல் அனுப்பி, அமுக்கமும் வெப்பமும் தாங்காமல் அடங்கிப் போனது. மணிக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் வீசும் காற்று, ஈலியத்தின் அளவு, எதிர்பார்த்ததிலும் குறைந்த நீர் எல்லாம் அந்த 58 நிமிடத்தில் தெரியவந்தவை. அது விழுந்தது வறண்ட ஒரு பகுதியில் என்று பின்னர் விளங்கியது. இவ்வளவையும் பத்திரமாக வைத்து அனுப்பியது அந்தப் பழுதுபட்ட றெக்கோடருள்ள கலிலியோதான். அதே நாளில் ஜேர்மனியில் செய்யப்பட்ட தனது இயந்திரத்தை இயக்கி வேகம் குறைத்து, வியாழனைச் சுற்றிவரும் முதல் விண்கலம் என்ற பெயரையும் பெற்றது.

இரண்டு வருடத்துக்கென்று போனது, ஏறக்குறைய எட்டு வருடம் அங்கே வேலை செய்தது. சுமார் 14,000 படங்கள் அனுப்பியது. கனிமீட்டுக்குச் சொந்தமாகவே ஒரு காந்தப்புலம் உண்டென்று 1996இல் கண்டது. அயோவின் எரிமலைகளையும் பின்னர் கிட்டப் போய்ப் பார்த்தது. எல்லாவற்றிலும் பெரிய கண்டுபிடிப்பு யுரோப்பா பற்றியது. எங்கட சந்திரனிலும் சற்றுச் சிறிய யுரோப்பாவை மூடியிருப்பது பனிக்கட்டி. அது வெடித்து, துண்டுதுண்டாக நகர்ந்து, மீண்டும் உறைந்த அடையாளங்களைப் படங்கள் காட்டின. மாக்கிரட் கிவெல்சன் என்ற பெண் விஞ்ஞானியின் தலைமையில் இயங்கிய காந்தமானிக் குழு, அந்தப் பனிக்கு அடியில் உப்புநீர்க் கடல் ஒன்று இருப்பதற்கான வலுவான ஆதாரத்தை 2000ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியது. அந்தக் கடலின் நீர் பூமியின் கடல்நீர் முழுவதிலும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். வியாழனின் ஈர்ப்பு யுரோப்பாவைப் பிசைந்துகொண்டே இருப்பதால் உள்ளே சூடு உண்டு. கடலும் சூடும் இருந்தால் உயிரும் இருக்கலாம் அல்லவா?

ஏன் எரித்தார்கள்?

2002 அளவில் கலிலியோவின் எரிபொருள் முடியும் தறுவாய்க்கு வந்தது. கதிர்வீச்சு கருவிகளைத் தின்றிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கனகாலம் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் என்றோ ஒரு நாள் யுரோப்பாவில் போய் மோதவும் கூடும். பூமியில் கட்டப்பட்டபோது கலிலியோவைக் கிருமி நீக்கம் செய்யவில்லை. அதில் ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் அந்தக் கடலில் கலந்துவிட்டால்? அங்கே உயிர் இருந்தால் அதற்கு எங்களால் கேடு வரலாம். அந்த ஆபத்துக்கு இடமே வைக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள்.

2003 செப்டெம்பர் 21ஆம் திகதி கலிலியோ செக்கனுக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில் வியாழனுக்குள் பாய்ந்து எரிந்து போனது. 14 வருடத்தில் அது ஓடிய தூரம் 460 கோடி கிலோமீற்றருக்கு மேல். கடைசிச் சமிக்ஞை பூமிக்கு வர ஐம்பது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அதாவது பசடீனாவில் கூடியிருந்தவர்கள் அதன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கலிலியோ ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது.

மனித வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். புதிய நிலம் தேடிக் கப்பலேறிப் போனவர்கள் அங்கே முன்னரே இருந்த சனங்களைப் பற்றி யோசித்தது மிகக் குறைவு. அமெரிக்காவின் பூர்வீகக் குடிகள் துப்பாக்கியால் மட்டுமல்ல, கப்பலோடு வந்த அம்மை நோயாலும் இலட்சக்கணக்கில் அழிந்தார்கள். அந்த மனித குலமே, இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத, கண்ணுக்கும் புலப்படாத ஓர் உயிருக்காகத் தான் பாடுபட்டுச் செய்த கலத்தை எரித்துவிட்டது. வல்லவன் கையில் எளியவன் என்ன பாடு படுவான் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே அந்த ஒரு தீர்மானத்தைக் கலிலியோவின் கண்டுபிடிப்புகளோடு சேர்த்தே எங்கட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தொடரும் பயணம்

கலிலியோவின் பின் ஜூனோ என்ற விண்கலம் 2011இல் புறப்பட்டு, 2016 யூலையில் வியாழனைச் சுற்றத் தொடங்கியது. அது சூரிய ஒளியிலேயே இயங்குவது. வியாழனின் துருவங்களில் சூறாவளிகள் கூட்டமாகச் சுழல்வதைக் காட்டியது அதுதான். யுரோப்பாவை ஆராயவென்றே யுரோப்பா கிளிப்பர் என்ற கலம் 2024 ஒக்டோபர் 14இல் ஏவப்பட்டது. 2030 ஏப்ரலில் வியாழனை அடைவதாக ஏற்பாடு.

ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அனுப்பிய ஜூஸ் என்ற விண்கலம் புறப்பட்டது 2023 ஏப்ரல் 14ஆம் திகதி. ஆம், சோபகிருது வருடப்பிறப்பு நாளில்! அதற்கும் ஒரு சோதனை வந்தது. பனிக்கு அடியில் பார்க்கும் அதன் 16 மீற்றர் நீளமான றேடார் அன்ரனா முழுதாக விரியாமல் மாட்டிக்கொண்டது. ஒரு சின்ன ஊசி நகரவில்லை. அன்று கலிலியோவுக்குச் செய்தது போலவே சூரியன் பக்கம் திருப்பிச் சூடாக்கினார்கள். கலத்தையே குலுக்கிப் பார்த்தார்கள். மே 12ஆம் திகதி கொடுத்த ஓர் அதிர்வில் ஊசி கழன்று அன்ரனா விரிந்தது.

ஜூஸும் நேர்வழியில் போகவில்லை. பூமி, வெள்ளி என்று வேகம் வாங்கிக்கொண்டு சுற்றுவழியில்தான் போகிறது. 2031 யூலையில் அது வியாழனை அடையவேண்டும். பின்னர் 2034இல் கனிமீட்டைச் சுற்றத் தொடங்குவதாகத் திட்டம். இன்று எங்கட தமிழ்ப் பாடசாலையில் அ, ஆ எழுதிப் பழகும் பிள்ளைகள் அப்போது உயர்வகுப்பில் இருப்பார்கள். வெறும் கண்ணுக்கே வடிவாகத் தெரிகிற கோள் வியாழன். வானம் வெளித்திருக்கிற ஓர் இரவில் அவர்களை வெளியே கூட்டிப்போய் அதைக் காட்டுங்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் கலிலியோ கண்ட அந்த நான்கு சந்திரன்களையும் காட்டலாம். அதில் ஒன்றின் பெயர் யுரோப்பா என்றும், அதற்குத் தீங்கு வரக்கூடாது என்று ஒரு விண்கலத்தை எரித்தார்கள் என்றும் சொல்லுங்கள்.